ஒரு கிண்ணம், ரெண்டு தட்டு

– அப்போ ஒரு முழு முட்டை போகுமா போகாதா? அதை முதல்ல சொல்லு.

– போகும் அண்ணி. ஆனா முட்டை உள்ள போயிட்டா அப்புறம் சோத்துக்கு இடம் இருக்காது.

– கேக்குறேன்னு தப்பா நினைக்காதே. ஒரு முட்டைய வெச்சுக்கிட்டு ஒரு மனுஷி எப்படி சாயங்காலம் வரைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில நிக்கிறா?

– நடுவுல ஒரு டம்ளர் பால், கொஞ்சம் பருப்பு. அவ்வளவுதான். பசிங்கிற பேச்சே இல்ல அண்ணி. மணி பாத்துதான் சாப்பிடுறேன்.

– அதெப்படி? எனக்கு மணி பாக்கவே வேண்டாம், வயிறே அடிச்சுக் காட்டும். சரி, எடை குறைக்கிற ஆபரேஷன்ல வயித்தை எவ்வளவு எடுத்தாங்கன்னு சொன்னே?

– முக்காலுக்கு மேல. மிச்சம் இருக்குறது ஒரு வாழைப்பழம் கனத்துக்கு ஒரு குழாய் மாதிரி.

– எடுத்ததை என்ன பண்ணினாங்க? உன்கிட்ட காட்டினாங்களா?

– நான் மயக்கத்துல இருந்தேன். உங்க தம்பியைக் கூப்பிட்டு ஒரு தட்டுல வெச்சுக் காட்டினாங்களாம்.

– டேய் தம்பி, நீ பாத்தியா? இந்த ஏழு மாசத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.

– எங்கே பாத்தேன்க்கா. அது நல்ல கனமான தட்டு, ஓரத்துல ஒரு பிசிறு இல்ல. அதையே பாத்துக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க.

– பொண்டாட்டி வயித்தைக் காட்டினா தட்டைப் பாத்தானாம். உன்னைப் பாத்திரக் கடையில இருந்து வெளிய எடுத்தாலும் உனக்குள்ள இருந்து பாத்திரக் கடையை எடுக்க முடியாதுடா.

– பாத்திரம்தான்க்கா சோறு போடுது. கண்ணால பாத்தே பாத்திரம் எத்தனாம் நம்பர் அளவுன்னு சொல்லிடுவேன். எங்க கடையில வேற யாருக்கும் அந்தக் கண்ணு கிடையாது.

– இந்த மூடி எத்தனை?

– பதினாலு.

– இரு, திருப்பிப் பாக்குறேன். ஆமா, பதினாலுன்னுதான் அடிச்சிருக்கு. சரிதான், ஒத்துக்கறேன். ஏம்மா, நான் விட்ட இடத்துக்கு வர்றேன். தண்ணி? சாப்பாட்டோட தண்ணி குடிச்சா?

– குடிக்கவே கூடாது அண்ணி. முன்னாடியும் கொஞ்ச நேரம் கூடாது, பின்னாடியும் கூடாது. தண்ணி இடத்தை அடைச்சுக்கும்.

– விக்கினா?

– விக்காத மாதிரி மெல்லணும். கூழா ஆகுற வரைக்கும். என் கிண்ணம் காலியாக அரை மணி நேரம் ஆகும்.

– போதும்னு எப்படித் தெரியும்? வயிறு சொல்லுமா?

– மூக்கு சொல்லும்.

– என்னது?

– நெஜமாத்தான். நிறைஞ்சதும் மூக்குல தண்ணி வரும். அதுக்கு மேல ஒரு வாய் வெச்சா விக்கல். சில பேருக்கு தும்மலாம், எனக்கு மூக்கு.

– அட கடவுளே. எனக்கு அப்படி ஒரு மூக்கு இருந்திருந்தா நானும் இந்த இடுப்போட நடக்க மாட்டேன். ஒரு விருந்துக்குப் போனா என்ன பண்ணுவே?

– கிண்ணத்தைப் பையில எடுத்துட்டுப் போவேன். இதோ, இதுதான். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு இவர் வாங்கிக் குடுத்தது. டயட் சொல்ற அம்மா இதைப் பாத்து, இது சரியான அளவு, இதை வெச்சுக்கோன்னாங்க. அன்னையில இருந்து இதேதான். இதுக்கு மேல ஒரு ஸ்பூன் கிடையாது. எதுல தோத்தாலும் இதுல நான் தோக்கல அண்ணி.

– அழகா இருக்குடி, சுத்தி பூ எல்லாம் போட்டு. கெட்டிக்காரிதான் நீ. நானா இருந்தா ரெண்டாவது வாரமே யாருக்கும் தெரியாம குண்டானுக்குள்ள கைவிட்டிருப்பேன்.

– எனக்குக் கைவிடப் பயம். உங்களுக்குத் தெரியுமா, எங்க கடையில கவுண்டருக்குள்ள போற வழி சின்னது. நான் நுழையணும்னு ஒரு பக்கப் பலகையைக் கழட்டி சுவத்துல சாத்தி வெச்சிருந்தாங்க. வர்றவங்க எல்லாம் கேப்பாங்க, ஏன் இதைக் கழட்டி வெச்சிருக்கீங்கன்னு. யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. என்னைப் பாக்க மாட்டாங்க. அதுவே பதில்.

– இப்ப?

– ரெண்டு மாசம் முன்னாடி முதலாளி அதைத் திரும்ப மாட்டிட்டார். ஒண்ணும் சொல்லல. நான் உள்ள போறப்போ முதுகைக் காட்டிக்கிட்டு எதோ ஒரு ஃப்ரேமைத் துடைச்சுக்கிட்டிருந்தார். நான் நேரா நடந்து உள்ள போயிட்டேன். அப்புறம் பின்னாடி ரூம்ல போய் அழுதேன்.

– ஏன்டி கண்ணு, சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே.

– சந்தோஷத்துலதான் அண்ணி. ஆனா இப்ப வேற பயம் வந்திருக்கு. மூணு வாரமா எடை அப்படியே நிக்குது. காலையில மிஷின் மேல ஏறினா அதே நம்பர். சாப்பிடுறது அதே கிண்ணம், நடக்குறது அதே தூரம். அப்படின்னா உடம்பு என்னை ஏமாத்துது. திரும்பவும் ஊத ஆரம்பிக்கப் போகுதுன்னு அர்த்தம்.

– அப்படி எல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நடுவுல நிக்கும்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க இல்ல. தானா நகரும்.

– ஏங்க, நீங்க சொல்லுவீங்க. பலகையைக் கழட்டினா எனக்குத்தானே வலிக்கும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம் இல்ல, டாக்டர்கிட்ட சொல்லிடப் போறேன். இனிமே பாதிக் கிண்ணம்தான். இந்தப் பூவுக்குக் கீழயே நிறுத்திக்குவேன்.

– பாதியா? வேண்டாம். சொன்னாக் கேளு. பாதி எல்லாம் உனக்குப் பத்தாது.

– எனக்கு எவ்வளவு பத்தும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

– இல்ல, மூணாவது மாசம் மயக்கம் போட்டு விழுந்தியே. அதுக்காகச் சொல்றேன்.

– அது வெயில்ல நின்னது. அதுக்கப்புறமும் இதே கிண்ணம்தானே சாப்பிட்டேன், விழுந்தேனா? அய்யோ, தூறல் போடுது. மேல துணி காயுது. அண்ணி, உக்காருங்க, ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன்.

– படியில பாத்துப் போடி. ... போயிட்டா. இப்படி வாடா தம்பி, பக்கத்துல உக்காரு. ஃபோன்ல பாதி சொன்னே, பாதி முழுங்கினே. அதனாலதான் பஸ் ஏறி வந்தேன். என்ன உனக்கு?

– மெதுவாப் பேசுக்கா. பேன்ட் நிக்க மாட்டேங்குது.

– அதைத்தான் வந்ததுல இருந்து பாக்குறேன். கழுத்துக்கும் சட்டைக்கும் நடுவுல ரெண்டு விரல் போகுது.

– கடையில ஆணி வெச்சு பெல்ட்டுல ஓட்டை போட்டேன். அதுவும் தளர்ந்து இப்ப இன்னொரு ஓட்டை. நான் எதையும் குறைக்கலக்கா. ரெண்டு தட்டு சோறு, முன்ன எப்படியோ அப்படியே. ஒரு பருக்கை குறைச்சலில்ல.

– நடை ஏதாவது? வேலை அதிகமா?

– கல்லாவுக்குப் பக்கத்துல ஃபேனுக்குக் கீழ நிக்கிறேன். எங்க நடை? ரெண்டு தட்டும் உள்ள போகுது, உடம்புல ஒட்ட மாட்டேங்குது. அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது.

– வாயை மூடு.

– நான் ஒண்ணும் கெட்டது சொல்லல. அப்பாவும் நல்லா சாப்பிட்டார், நல்லா சாப்பிட்டுக்கிட்டே கரைஞ்சார். நாமளும் வயசான காலத்துல எளைச்சா நல்லதுன்னு விட்டுட்டோம். கண்டுபிடிக்கிறப்போ எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. எனக்கு அந்த பெல்ட்டைப் போடுறப்போ எல்லாம் அவர் இடுப்புதான் ஞாபகம் வருது.

– அவகிட்ட சொன்னியா?

– எப்படிச் சொல்றது? அவளே அவ உடம்பைப் பாத்துப் பயந்துக்கிட்டிருக்கா. நாளைக்கு அவளுக்குத் துணையாப் போற சாக்குல நானும் ரத்தம் குடுத்துட்டு வந்துடலாம்னு இருக்கேன். ஒண்ணும் இல்லேன்னா இல்ல. இருந்தா அப்புறம் பாத்துக்கலாம்.

– நானும் வர்றேன். ராத்திரி இங்கயே தங்கிக்கிறேன். நீ முகத்தைத் துடை, வர்றா பாரு.

– நல்லவேளை, பாதிதான் நனைஞ்சுது. என்ன ரெண்டு பேரும் கம்முனு இருக்கீங்க? சாப்பிடலாமா அண்ணி? உங்க தம்பிக்கு நேரமாச்சுன்னா முகம் இப்படித்தான் போகும்.

– போடு போடு. டேய், இது அதே தட்டாடா? விளிம்புல ரெட்டைக் கோடு போட்டது?

– அதே தட்டுதான்க்கா. கல்யாணமான புதுசுல நானே பொறுக்கி எடுத்தது. எப்படி மின்னுது பாரு. நல்ல ஸ்டீலுக்கு வயசே ஆகாது. நேத்து வாங்கின மாதிரி இருக்கு இல்ல?

– இருக்கு இருக்கு. ஏம்மா, எனக்குத் தட்டு வேண்டாம். உன்கிட்ட இருக்குற மாதிரி ஒரு கிண்ணம் குடு. இன்னைக்கு ஒரு வேளை நானும் உன் அளவு சாப்பிட்டுப் பாக்குறேன்.

– எதுக்கு அண்ணி இந்த வேலை? உங்களுக்குப் பத்தாது.

– பத்தாதுன்னு தெரியும். எப்படிப் பத்தாதுன்னு தெரியணும். கூழா மென்னு, தண்ணி குடிக்காம, அரை மணி நேரம். மூக்குல தண்ணி வருதான்னு பாப்போம்.

– இந்த ஒரு கிண்ணம்தான் இருக்கு. வேற மாதிரி கிண்ணத்துல தரட்டுமா?

– வேற கிண்ணம்னா கணக்கு தப்பாயிடும். பரண்ல தேடினா ஒண்ணு கிடைக்காமலா போகும்? பாத்திரக் கடைக்காரன் வீட்டுல கிண்ணத்துக்குப் பஞ்சமா? அந்த ஸ்டூலை இப்படித் தள்ளு.

– அக்கா, அதுல ஏறாதே, ஆடும். நான் கடையில இருந்து நாளைக்கு ஒண்ணு கொண்டு வர்றேன்.

– நாளைக்கு வந்தா எனக்கு ஆசை போயிடும்டா. பிடிச்சுக்கோ. இது என்ன, இவ்வளவு பெரிய அண்டா?

– அது முன்ன சமைக்கிறது அண்ணி. நான் சாப்பிட்ட காலத்துல. இப்ப அதுக்கு வேலையே இல்ல, ஏழு மாசமா அங்கேயே கெடக்கு.

– அக்கா, அதுக்குள்ள ஒண்ணும் இல்லக்கா. தூசி. கண்ணுல விழும். இறங்கு.

– ஒண்ணும் இல்லாத அண்டாவுக்குள்ள ஏன்டா செய்தித்தாள் சுத்தி ஏதோ இருக்கு? இந்தா, கிடைச்சிடுச்சு. நான் சொன்னேன் இல்ல? அதே பூ. ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்கு.

– ரெண்டா? குடுங்க பாக்கலாம்.

– இந்தா. எதையாவது ஒண்ணுல எனக்குப் போடு.

– அண்ணி, இது சின்னதா இருக்கு.

– எது?

– ரெண்டுமே. இங்க பாருங்க. இது என் கிண்ணத்துக்குள்ள போகுது. இது அதுக்குள்ள போகுது.

– ஆமாடி. ஒண்ணுக்குள்ள ஒண்ணு எப்படி அடங்குது பாரேன். ஒரே அச்சு மாதிரி இருக்கு. ஏன்டா தம்பி, எதுக்கு இதை ஒளிச்சு வெச்சிருக்கே?

– ஏங்க, உங்களைத்தான். இந்தச் சின்னது எது?

– அதுதான் நான் முதல்ல வாங்கினது.

– அப்போ இது?

– நீ மயக்கம் போட்டு விழுந்ததுக்கு அப்புறம் வந்தது.

– என் கையில இருக்குறது?

– மழைக்காலத்துக்கு முன்னாடி வந்தது. முன்னதை விட ஒரு நூல் அளவுதான் பெரிசு. ஒவ்வொண்ணும் ஒரே ஒரு நூல்.

– மூணு கிண்ணம். எனக்குத் தெரியாம ரெண்டு தடவை மாத்தியிருக்கீங்க. அடியில நம்பர் இருந்திருக்குமே.

– உப்புத்தாள் போட்டு உரசிட்டேன்.

– அய்யய்யோ தம்பி, திருட்டை இவ்வளவு சுத்தமாவா பண்ணுவே?

– நீங்க சும்மா இருங்க அண்ணி. இது சிரிக்கிற விஷயம் இல்ல. நான் இவ்வளவு நேரம் உங்ககிட்ட என்ன பெருமை பேசினேன்? அதே கிண்ணம், ஒரு ஸ்பூன் மேல போகல, இதுல நான் தோக்கலன்னு. பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தார்? என் வயித்தை அறுத்துக்கிட்டது நான். அந்த மாதிரி ஒரு வலியைத் தாங்கினது நான். எவ்வளவு சாப்பிடுறேன்னு தெரிஞ்சுக்கிற உரிமை கூடவா எனக்கு இல்லாமப் போச்சு?

– நான் சொன்னா நீ கேட்டியா? அந்த டயட் அம்மா உன் முன்னாடிதானே சொன்னாங்க, உள்ள வீக்கம் வத்த வத்த சாப்பாடு கொஞ்சம் கூடணும், அதுதான் சரி, அது வயிறு ஊதுறது இல்லேன்னு. தலையை ஆட்டினே. வீட்டுக்கு வந்து, நான் கூடுதலா வெச்ச ஸ்பூனை எடுத்து திரும்பக் குண்டான்ல போட்டே. அதுக்கு மறுவாரம் கண்ணாடிக் கடையில விழுந்தே. உங்க முதலாளி எனக்கு ஃபோன் பண்ணினப்போ நான் இருந்த இருப்பு உனக்குத் தெரியாது. கடையில கையில இருந்த டம்ளர் எல்லாம் கீழ விழுந்து உருண்டுச்சு.

– அதுக்காக?

– அதுக்காகத்தான். அந்த அம்மாகிட்டயே போய்க் கேட்டேன். இவ கிண்ணத்தைத்தான் நம்புறா, ஸ்பூனை நம்பலேன்னு சொன்னேன். கிண்ணத்தையே மாத்திடுங்கன்னு அவங்கதான் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அளவும் அவங்க சொன்னதுதான். நீ யோசிச்சுப் பாரு. ரெண்டாவது கிண்ணம் வந்தப்புறமும் உன் எடை இறங்கத்தானே செஞ்சுது? பலகையை மாட்டினது எப்போ? மூணாவது கிண்ணத்துல. பெரிய கிண்ணம் சாப்பிட்டுத்தான் நீ அந்தக் கவுண்டருக்குள்ள நேரா நடந்து போனே.

– கேக்குறேன்னு தப்பா நினைக்காதே கண்ணு, அவன் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு இல்ல?

– நியாயம் இருக்கட்டும் அண்ணி. இருந்தாலும் மறைச்சது மறைச்சதுதான். இன்னும் என்ன எல்லாம் மறைச்சு வெச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிடுங்க.

– வேற ஒண்ணும் இல்ல.

– உங்க அக்கா முகத்தைப் பாத்தா அப்படித் தெரியலியே. அண்ணி, நீங்க சும்மா வரல. நான் துணி எடுக்கப் போனப்போ என்ன பேசினீங்க?

– சொல்லிடுடா. நான் சொல்றதை விட நீ சொன்னா நல்லது.

– அக்கா, வேண்டாம்.

– அப்போ நானே சொல்றேன். அவன் எளைச்சுக்கிட்டே வர்றான்டி. பெல்ட்டுல ஆணி அடிச்சு அடிச்சு ஓட்டை போட்டுக்கிட்டிருக்கான். எங்கப்பாவும் இப்படித்தான் வேளாவேளைக்கு நல்லா சாப்பிட்டுக்கிட்டே கரைஞ்சு போனார். உனக்குத் தெரியக்கூடாதுன்னு நாளைக்கு உன் கூட வந்து, உனக்குத் தெரியாம ரத்தம் குடுக்கப் போறானாம்.

– என்னங்க இது? நெஜமா?

– பயப்படாதே. ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் ஒரு தடவை பாத்துட்டா மனசு நிக்கும். எனக்கு என்ன புரியலேன்னா, ரெண்டு தட்டு நிறைய சாப்பிடுறேன். நீயே போடுறே, நீயே பாக்குறே. ஒரு வேளை குறைச்சேனா? உனக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டர் என் வயித்தைத் தட்டி, அடுத்த கட்டில் உங்களுக்கான்னு கேட்டப்போகூட, எங்கிட்ட இருந்து ஒரு பிடி சோத்தைக் குறைக்க முடியாதுன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்.

– எவ்வளவு நாளா இந்தப் பயம் உங்களுக்கு?

– ரெண்டு மாசமா. தூங்குறப்போ எலும்பைத் தொட்டுப் பாத்துக்குவேன். ஏன்ம்மா, எதுக்கு உக்காந்துட்டே? தலை சுத்துதா? அக்கா, அந்தத் தண்ணியை எடு.

– தண்ணி வேண்டாம். ஒண்ணும் இல்ல எனக்கு.

– அழறியா, சிரிக்கிறியா? ஒண்ணும் புரியலியே. மூக்குல தண்ணி வருதே, இன்னும் சாப்பிடவே இல்லியேடி.

– ரத்தம் குடுங்க, நல்லதுதான், நானே கூட நிக்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி, அண்ணி, இன்னொரு தடவை ஸ்டூல்ல ஏறி அந்த அண்டாவைத் தூக்கிப் பாருங்க, அடியில இவரோட பழைய தட்டு இருக்கும். இப்ப இவர் முன்னாடி இருக்குறது ரெண்டு நம்பர் சின்னது, நான் எதிர்வீட்டு டீச்சரை அனுப்பி இவர் கடையிலயே வாங்கினது, இவரே துடைச்சு எடுத்துக் குடுத்தது, நான் அடியில இருக்குற நம்பரைக்கூட உரசல.